பத்து நாள் மூத்தவன்

சிவப்பு அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. 2024 ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓர் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் போட்டிகள் அனைத்துக்கும் பொறுப்பாசிரியையாக இருந்தபோது கைக்காசு போன கணக்கு அது. கடைசிப் பக்கத்தில் செலவு 19,100 ரூபாய், திரும்பி வந்தது 5,500 ரூபாய் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அந்தக் காலாண்டில் பள்ளிக்குக் கிடைத்த பரிசுகள் இருபத்தேழு. ஆண்டறிக்கையில் அந்த எண் மட்டும் வந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அடுத்த ஜூனிலும் எங்கோ ஒரு பள்ளியில் யாரோ ஒருவர் இதே பொறுப்பைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளத்தான் போகிறார்.

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை. எங்கள் பள்ளி டெல்டாவில் ஒரு தாலுகா ஊரில் இருக்கிறது. மே மாதத்தோடு உடற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஜூன் 10-ஆம் தேதி பள்ளி திறந்தது. அந்த வாரமே தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கிடையிலான குறுவட்ட விளையாட்டு, கலைத் திருவிழா, மாணவர்களின் அறிவியல் யோசனைகளுக்கான இன்ஸ்பயர் விருது, முதலமைச்சர் கோப்பை, தமிழ் வளர்ச்சித் துறையின் பேச்சுப் போட்டிகள், இலக்கிய மன்றம் என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரே பெயர் இருந்தது. "பையன்கள் உங்களுக்குத்தான் கட்டுப்படுகிறார்கள் டீச்சர்" என்றார். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். பதினோரு ஆண்டுப் பணியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். என் கணவர் மட்டும், "உன்னோடு வேறு யார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்க வேண்டும். பொறுப்பைத் தட்டிக் கழிக்கச் சொல்லவில்லை. வாங்கும்போதே இன்னும் இரண்டு ஆசிரியர்கள் பெயரோடு குழுவாக, எழுத்தில் ஆணையாக வாங்குங்கள். முப்பத்து நான்கு பையன்களை வெளியூர் மைதானத்துக்கு அழைத்துப் போகிற பெண் ஆசிரியைக்குக் கூடவே ஓர் ஆண் ஆசிரியர் வேண்டும். அவர்கள் உடை மாற்றுகிற அறைக்குள் நான் போய் ஒழுங்குபடுத்த முடியுமா?

முதலில் வந்தது ஜூலையில் குறுவட்டப் போட்டி. விளையாட்டில் எனக்கு இருந்த அறிவு, ஓட்டம் என்றால் முதலில் வருபவன் ஜெயிப்பான் என்ற அளவில்தான். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவு உண்டு என்பதும், ஒவ்வொரு பையனுக்கும் புகைப்படம் ஒட்டித் தலைமையாசிரியர் சான்றளித்த தகுதிப் படிவம் வேண்டும் என்பதும் போட்டிக்கு ஒன்பது நாள் முன்புதான் தெரிந்தது. உட்கார்ந்து எழுதினேன். ஆறாவது முதல் எட்டாவது வரை 14, ஒன்பது முதல் பதினொன்று வரை 17, பன்னிரண்டாவது 19 என்று வகுப்பை வைத்துப் பிரித்துக்கொண்டேன். பிறந்த தேதியைப் படிவத்தில் எழுதினேனே தவிர, அதைப் பார்க்கவில்லை. எழுதுவதும் பார்ப்பதும் வேறு வேறு என்று அன்று எனக்குத் தெரியாது.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கொரோனாக் காலத்தில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போய், பிறகு திரும்பி வந்து சேர்ந்தவன். மெலிந்த உடம்பு, நீளக் கால்கள். ஷூ வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "ஷூ போட்டால் எனக்கு ஓட வராது டீச்சர்" என்றான். அது வெட்கத்தில் சொன்னதா, நிஜமா என்று கேட்காமல் விட்டேன். 400 மீட்டரில் அடுத்தவனை ஏழெட்டுத் தப்படி பின்னால் தள்ளிவிட்டு வந்தான். 4x400 தொடர் ஓட்டத்திலும் கடைசிச் சுற்றில் மூன்றாவதாகக் கோலை வாங்கி முதலாவதாக முடித்தான். நான் தொண்டை வற்றக் கத்தினேன். அரை மணி நேரம் கழித்து ஒலிபெருக்கியில் எங்கள் பள்ளிப் பொறுப்பாசிரியரை அழைத்தார்கள். வேறொரு பள்ளி ஆட்சேபம் எழுப்பியிருந்தது. அந்த ஆண்டு 17 வயதுப் பிரிவுக்கு 1.1.2008 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். இவன் பிறந்தது 22.12.2007. பத்து நாள் மூத்தவன். 19 வயதுப் பிரிவில் எழுதியிருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. அவனுடைய பதக்கம் போயிற்று. தொடர் ஓட்டத்தில் மற்ற மூன்று பையன்கள் வாங்கியதும் சேர்ந்து போயிற்று.

ஆட்சேபம் எழுப்பியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் செய்தது சரி. படிவத்தில் என் கையெழுத்துத்தான் இருந்தது. பையன் ஒன்றும் சொல்லாமல் பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "பரவாயில்லை டீச்சர்" என்றான். அடுத்த நாள் பள்ளிக்கு வரவில்லை, அதற்கடுத்த இரண்டு நாளும் வரவில்லை. நான்காம் நாள் அவன் வீட்டைத் தேடிப் போனேன். ஒரு கட்டட வேலையிடத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சட்டையைத் தேடினான். நான் என்னென்னவோ பேசினேன், இப்போது ஒரு வார்த்தையும் நினைவில்லை. அவன் கடைசியில் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது: "தேதியை நான் சொல்லியிருக்க வேண்டுமா டீச்சர்?"

ஆகவே முதல் வேலை இதுதான். ஜூன் மாதமே, போட்டி அறிவிப்பு வருவதற்கு முன்பே, விளையாடுகிற பையன்களின் பிறந்த தேதியை ஒரு தாளில் எழுதி, அந்த ஆண்டின் வரம்புத் தேதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பாருங்கள். வகுப்பை நம்பாதீர்கள். ஆதாரில் ஒரு தேதி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு தேதி, எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் இன்னொரு தேதி என்று இருக்கும் பையன்கள் வகுப்புக்கு இரண்டு பேராவது எங்களிடம் இருந்தார்கள். அதைத் திருத்த வாரக்கணக்கில் ஆகும், போட்டிக்கு முதல் நாள் நடக்கிற காரியம் அல்ல. இந்த வேலையை இன்னொருவர் மறுபடி பார்க்கட்டும். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

அதே குறுவட்டத்தில் இரண்டாம் நாள் கோகோ. எங்கள் மூத்தோர் அணி முதலிடம் பிடித்தது, அந்தச் சந்தோஷம் மதியம் வரைதான். ஒரு பையன் பாய்ந்து தொடப்போய் மணிக்கட்டில் விழுந்தான். ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அதிர்ஷ்டவசமாக எலும்பு முறிவில்லை, கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அவனுடைய அப்பா வந்துவிட்டார். "யாரைக் கேட்டு என் பையனைக் கூட்டிப் போனீர்கள்?" என்று நாலு பேர் நடுவில் கேட்டார். நான் கம்பீரமாக ஒப்புதல் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இது என் கையெழுத்து இல்லை" என்றார். பையன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடிதத்தில் கையெழுத்து வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஒவ்வொரு பெற்றோரையும் தொலைபேசியில் அழைத்து, எந்த நாள், எந்த ஊர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிடுங்கள். முப்பத்து நான்கு அழைப்புக்கு இரண்டு மாலைகள் போகும், போகட்டும்.

பணத்துக்கு வருகிறேன். மாணவர்களின் இலவசப் பயண அட்டை வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தடத்துக்குத்தான், பக்கத்து ஊர் மைதானத்துக்குச் செல்லாது. அதனால் வேன் பிடித்தேன். நாளைக்கு 3,500 வீதம் இரண்டு நாளைக்கு 7,000 ரூபாய். சத்துணவு மைதானத்துக்கு வராது என்பதும் எனக்கு அன்று காலையில்தான் உறைத்தது. தலைக்கு ஐம்பது ரூபாய்ச் சாப்பாடு, இரண்டு நாளைக்கு 3,400. நகல், புகைப்படம் என்று 1,150. ஆட்டோ, பஸ், குளுக்கோஸ், சார்ட் அட்டை, பேனா மூடி தொலைந்தது வரை சில்லறையாக 2,350. எல்லாவற்றையும் நானே கொடுத்துவிட்டு, பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு என்பது அரசுப் பள்ளியில் கிடையாது. வேன் ஓட்டுநர் ரசீது தரவில்லை, சாப்பாட்டுக் கடையில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். தன் பெயரில், தேதி போட்ட ரசீது இல்லாமல் எந்தக் கணக்கிலிருந்தும் எடுக்க முடியாது என்றார் தலைமையாசிரியர். அவர் சொன்னதும் நியாயம்தான், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து 3,000 கிடைத்தது. ஆசிரியர் அறையில் என் தோழி ஒருத்தி எனக்குத் தெரியாமல் எல்லோரிடமும் வசூல் செய்து 2,500 கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கும்போது நன்றியைவிடக் கூச்சம்தான் அதிகமாக இருந்தது. செலவு செய்வதற்கு முன்பே உத்தேசச் செலவை எழுதி ஒப்புதல் வாங்குங்கள். வேன்காரரிடம் பேரம் பேசும்போதே ரசீது தருவாரா என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் மாதந்தோறும் நடக்கிறது. அங்கே ஜூலையில் எழுந்து கேட்டிருந்தால் வேன் வைத்திருக்கும் பெற்றோரே கிடைத்திருப்பார் என்று ஆகஸ்டில் தெரிந்தது. ஒருவர் வந்து, "சொல்லவே இல்லையே டீச்சர்" என்று வருத்தப்பட்டார்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. போட்டி நடத்துகிறவர்களிடம் வருகைச் சான்று வாங்காமல் வந்துவிட்டேன். அது இல்லாததால் மாற்றுப் பணியாகக் காட்ட முடியாமல், ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பில் இரண்டு நாள் கழிந்தது. டிசம்பரில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அந்த இரண்டு நாளை நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் கலைத் திருவிழா. 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப் போகும், மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். எனக்கு அதன்மேல் உண்மையான மரியாதை உண்டு. மூன்று ஆண்டு என் வகுப்பில் வாய் திறக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவன் களிமண்ணில் ஒரு காளையைச் செய்து வைத்தான், அதன் திமில் மூச்சு விடுவது போல இருந்தது. அவனுக்குக் கை இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? ஆனால் ஆண்கள் பள்ளியில் நாடகமும் நடனமும் என்றால் தனிப் பாடு. எங்கள் நாடகத்தில் ஓர் அம்மா பாத்திரம் இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தானாக முன்வந்தான், பிரமாதமாக நடித்தான். ஒத்திகையில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தெரியாதது, வராந்தாவிலும் கழிப்பறையிலும் அவனை இரண்டு வாரமாகப் பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது. ஒரு நாள் அவன் ஒத்திகைக்கு வராமல் அறிவியல் ஆய்வகத்துப் பொருளறையில் ஒளிந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் விசாரித்தேன். மறுநாள் வகுப்பில் பாடம் எடுக்கவில்லை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் பாகவத மேளாவில் தலைமுறை தலைமுறையாக ஆண்களே பெண் வேடம் கட்டி ஆடுவதைச் சொன்னேன். தெருக்கூத்தில் பாஞ்சாலியாக நின்று சபதம் போடுகிறவர் மீசையை மழித்துக்கொண்டு வந்த ஆண்தான் என்று சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. மாறினார்களா என்றால், முழுதாக இல்லை. கேலி நின்றதற்குக் காரணம் என் பேச்சைவிட, நாடகத்துக்கு வட்டார அளவில் முதல் பரிசு கிடைத்ததுதான் என்று நினைக்கிறேன். இன்னொரு முறை என்றால், வேடம் கொடுக்கிற அன்றைக்கே வகுப்பில் பேசிவிடுவேன்.

ஒயிலாட்டத்துக்குப் பத்துப் பையன்கள். உடை ஒரு செட் 400 வீதம் 4,000 ரூபாய் வாடகை. இரண்டு சோடி சலங்கை தொலைந்ததற்குக் கடைக்காரர் முன்பணத்தில் 1,200 பிடித்துக்கொண்டார். உடையை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க ஒரு மாணவனை நியமித்திருந்தால் அந்தப் பணம் போயிருக்காது. பையன்களில் பொறுப்பானவன் என்று நாம் நினைப்பவனைவிட, சண்டைக்காரன் இந்த வேலையை நன்றாகச் செய்வான். இது அடுத்த ஆண்டு கண்டறிந்தது.

இன்ஸ்பயர் விருதுக்குப் பள்ளிக்கு ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம், தேர்வானால் மாணவன் கணக்கில் 10,000 ரூபாய் வரும். ஐந்தையும் அனுப்பினேன். மூன்று, யூடியூபில் பார்த்த தானியங்கித் தண்ணீர்க் குழாய். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

முதலமைச்சர் கோப்பையில் சொல்ல இருக்கிறது. அதில் பதிவை மாணவனே இணையத்தில் செய்ய வேண்டும், பரிசுத் தொகை வங்கிக் கணக்குக்குத்தான் போகும். சிலம்பத்தில் எங்கள் பையன் ஒருவன் மாவட்ட அளவில் மூன்றாம் இடம் பிடித்தான். பரிசு 1,000 ரூபாய். அவனிடம் பாஸ் புத்தகம் இருந்தது. கணக்கு உயிரோடு இல்லை, இரண்டு ஆண்டாக ஒரு பரிமாற்றமும் நடக்காததால் முடங்கிக் கிடந்தது. அந்த ஆயிரத்துக்காக அவனுடைய பாட்டி மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வங்கிக்கு அலைந்தார். கூட்டிக் கழித்தால் பரிசு பாட்டிக்கு நஷ்டம். கல்வி உதவித்தொகை, பரிசு, பிறகு கல்லூரிக்குப் போனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாய் என எல்லாம் ஒரே குழாய் வழியாகத்தான் வரும். ஜூன் மாதமே அஞ்சலகக்காரர்களைப் பள்ளிக்கு வரவழைத்து, கணக்கு இல்லாதவர்களுக்குத் தொடங்கி, இருப்பவர்களுக்கு ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

செப்டம்பரில் அண்ணா, பெரியார் பிறந்தநாள் பேச்சுப் போட்டிகள். தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்துவது. முதல் மூன்று பரிசு 5,000, 3,000, 2,000. இவை தவிர அரசுப் பள்ளி மாணவர்கள் இருவருக்கு மட்டும் சிறப்புப் பரிசாகத் தலா 2,000 உண்டு. இது தெரியாமல், தனியார் பள்ளிப் பிள்ளைகளோடு நம் பையன் எங்கே மோதுவது என்று அனுப்பாமல் விடுகிற பள்ளிகள் இருக்கின்றன. நானும் அப்படித்தான் இருந்தேன், தமிழாசிரியர் ஐயா சொல்லித்தான் தெரிந்தது. நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கத்தை மனப்பாடம் செய்த பையன் ஒத்திகையில் இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டான். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "உனக்கு என்ன தெரியுமோ அதை உன் அம்மாவிடம் சொல்வது போலச் சொல்லுடா" என்றேன். சிறப்புப் பரிசு அவனுக்குக் கிடைத்தது. அந்தக் காலாண்டில் எனக்குச் செலவில்லாமல் கிடைத்த ஒரே பரிசு அது.

இதற்கிடையில் என் வகுப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காலாண்டுத் தேர்வுக்கு இரண்டு பாடம் நடத்தாமல் இருந்தேன். மற்ற ஆண்டுகளில் அறிவியலில் தவறுகிறவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள், இந்த முறை பதினெட்டுப் பேர். தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில் என்னை எழுப்பிக் காரணம் கேட்டபோது, போட்டிகள் என்று சொல்ல வாய் வரவில்லை. பதினெட்டில் பதினைந்து பேர் எந்தப் போட்டிக்கும் போகாதவர்கள். அவர்கள் பாடத்தைத்தான் நான் வேறு பையன்களுக்குக் கொடுத்திருந்தேன். அன்று மாலை அந்த நாடகப் பையன் ஒளிந்திருந்த அதே பொருளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். போன பாடவேளைகளை யார் எடுப்பது என்று பாட மாற்று அட்டவணையை முதலிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லாக "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிற சக ஆசிரியர் நல்லவர்தான், ஆனால் அவருக்கும் ஆறு பாடவேளை இருக்கிறது.

2025 ஜூனில் அதே தாள் மறுபடி வந்தது. இந்த முறை நான்கு பேர் பெயரோடு என்னிடமே ஒரு வரைவு இருந்தது. தலைமையாசிரியர் படித்துவிட்டு, ஒரு பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்திட்டார். தகுதிப் படிவங்களை இருவர் சரிபார்த்தோம். பத்து நாள் மூத்த அந்தப் பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, 19 வயதுப் பிரிவு. 400 மீட்டருக்கு அழைத்தபோது மார்பில் எண்ணைக் குத்திக்கொண்டு, வெறுங்காலோடு தொடக்கக் கோட்டை நோக்கிப் போனவன் பாதியில் திரும்பி என்னிடம் ஓடி வந்தான். "தேதி பார்த்துவிட்டீர்களா டீச்சர்?" என்றான். கோப்பைத் திறந்து அவனுடைய படிவத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். நடுவர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அவன் நின்று, விரல் வைத்து, தேதியைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போனான்.